குளிர் மெத்தை

பகல் வெயில் குழந்தை வார்டின் தரையில் சதுரமாக விழுந்திருக்கிறது. குளிர் மெத்தை மெல்ல இரைகிறது. நேற்றுப் பிறந்து, வெகுநேரம் மூச்செடுக்காமல் கிடந்த மகன் அதன்மேல் வெற்றுடம்பாகப் படுத்திருக்கிறான். அஸ்கா அவன் பாதத்தைத் தொடுகிறாள். செத்த உடம்பை, மையித்தைத் தொட்டதுபோல் சில்லிடுகிறது. மறுகையால் மடியிலிருக்கும் போர்வையை விரிக்கப் பார்க்கிறாள். "போத்த வேணாம்," என்கிறாள் தாதி றோசா. "மூச்சு நிண்டதால உடம்புக்குள்ள வேலை செய்யிற நொதியங்கள் எல்லை மீறி மூளையையே அரிக்கும். குளிர்லதான் அதுகள் அடங்கும்." "ஐஸ்ல போட்ட மீன் கெடாதுதானே, அப்படித்தான்," என்கிறான் கடலுக்குப் போகும் கணவன் நௌஃபர். "மீன் செத்தது. என்ட புள்ள உசிரோட இருக்கான்," என்கிறாள் அஸ்கா. "அதுக்குத்தான் இந்தக் குளிர்," என்கிறாள் றோசா. போர்வை மடியிலேயே கிடக்கிறது. சற்றுக் கழித்து, பாதத்தில் வைத்திருந்த தன் சூடான விரலையும் அஸ்கா மெல்ல எடுத்துக்கொள்கிறாள்.