தொடாதீர்கள், இது கலை

"அந்தப் பெஞ்சைக் காலி பண்ணியாச்சா, இல்லையா?"

கூட வந்த ஆட்களிடம் கேட்டபடியே கவுன்சிலர் நெவில் கிராப்ட்ரீ மூச்சிரைக்க வந்தார். 'அழகிய கடற்கரை ஊர்' போட்டியின் நடுவர் எந்த நேரமும் வந்துவிடலாம். போன வருஷம் பரிசு பக்கத்து ஊருக்குப் போன வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

எல்லாம் டெரெக்கால் வந்த வினை. வீடு வாசல் இல்லாத டெரெக் அந்தப் பெஞ்சில் படுத்துக்கொண்டு கடலின் அழகையே கெடுத்துவந்தான். கவுன்சிலருக்கு ஏழைகள் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. அவர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்து பார்த்தால் டெரெக்கைக் காணோம். பெஞ்சின் கால், கைப்பிடி, முதுகு என்று ஓர் இடம் விடாமல் வண்ண வண்ணக் கம்பளிப் பின்னல். அதன் மேல் முட்டியை மடக்கிச் சுருண்டு படுத்த மாதிரி ஓர் உருவம். அதுவும் உச்சி முதல் பாதம் வரை கம்பளிதான்.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, பேருந்து ஓட்டுநர் ஹேசல் பின்னிக்கொண்டிருந்தாள். காலடியில் பிளாஸ்க், இரண்டு கோப்பைகள். யாரையும் கேட்காமல் ஊரின் விளக்குக் கம்பங்களுக்குக் காலுறையும் தபால் பெட்டிகளுக்குக் குல்லாவும் மாட்டிவிட்ட கும்பலுக்கு இவள்தான் தலைவி.

"இது என்ன கூத்து, ஹேசல்?"

"கலைங்க, கவுன்சிலரே. தலைப்பு, 'இடமில்லை'."

"டெரெக் எங்கே?"

"அவன் கலைத்துறைக்குப் போயிட்டான்னு கேள்வி."

"எங்கயோ போய்த் தொலையட்டும். பிச்சு எறிங்கப்பா இதை!"

ஆட்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று ஒரு குரல். நடுவர் பெனலோப்பி அம்மையாரும் பத்திரிகைப் புகைப்படக்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். அம்மையார் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீடில்லாதவங்க படற கஷ்டத்தை இவ்வளவு அழகா யாருமே சொன்னதில்ல. இதைப் போய் வெட்டப் பாத்தீங்களே!"

கவுன்சிலர் அந்த நொடியே கட்சி மாறினார். "ஐயையோ, வெட்டறதா? நூல் பிசிறைத்தான் நறுக்கச் சொன்னேன். இது எங்க ஊர் மன்றத்தோட ஏற்பாடுங்க."

"மழையில நனைஞ்சு வீணாப் போயிடுமே?" என்று ஹேசல் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"இன்னைக்கே கூரை போட்டுடறோம்! சுத்திக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்'னு பலகையும் வைக்கறோம். குளிர்காலம் முடியற வரைக்கும் இந்தப் பெஞ்சு மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. இது என் வாக்கு, பத்திரிகையில போட்டுக்கோங்க!"

கேமரா பளிச்சிட்டது. இந்த வருஷப் பரிசு எந்த ஊருக்கு என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்று அம்மையார் கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். புகைப்படக்காரரும் படத்தோடு பறந்தார்.

கவுன்சிலருக்குத் தலைகால் புரியவில்லை. நல்லவேளை, அந்த டெரெக் தொலைந்தான் என்று அங்கேயே நின்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஹேசல் பின்னலை மடியில் வைத்துவிட்டுப் பெஞ்சின் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தவே இல்லை.

"டெரெக், கூரையும் கெடைச்சாச்சு. இனிமே தாராளமாத் தும்மிக்கோ."