உப்பு நாளைக்கு

விடிந்ததும் லாரி வந்துவிடும், வீட்டுக்கு இரண்டு பெட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் புது அணையின் தண்ணீர் எங்கள் கூரைக்கு மேல் ஏறிவிடும். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஸல்கா அடுப்பில் யோட்டா சூப் வைத்துக்கொண்டிருந்தாள். புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஊறிய பீன்ஸ் கொட்டை, உருளைக்கிழங்கு, புகையில் தொங்கவிட்ட பன்றிக்கறி. பத்துப் பேருக்கான பெரிய பானையில்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? இதை யார் சாப்பிடப்போறது?" என்று கத்தினேன்.

"நாமதான். நாளைக்கு மத்தியானம்," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எங்கள் ஸ்லோவேனிய வீட்டில் யோட்டாவைச் சமைத்த அன்றைக்குத் தொடமாட்டோம். ராத்திரி முழுக்கக் கிடந்து கறியிலிருக்கும் உப்பு குழம்பில் இறங்க வேண்டும். மறுநாள் ருசி பார்த்துத்தான் ஸல்கா மேற்கொண்டு உப்புப் போடுவாள். முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான்.

கோபத்தில் கரண்டியைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தேன். "உப்புச்சப்பே இல்லை."

"இன்னைக்கு இருக்காது. நாளைக்குப் பார்த்துப் போடலாம்." பானையை மூடினாள். மூடியின் மேல் வைத்த கையை அப்புறம் எடுக்கவே இல்லை.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசல் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கட்டி முடித்த பெட்டியை அவிழ்த்து, அடியில் கிடந்த உப்பு ஜாடியைத் தேடி எடுத்தேன். அடுப்புக்கு மேலே, அது எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தேன்.