கட்டில் எனக்கு

"கட்டில் ரூம் எனக்கு. நீங்க குழந்தையோட ஹால்ல படுத்துக்குங்க அண்ணி."

நாத்தனார் இப்படிக் கறாராகச் சொன்னதும் அண்ணிக்குச் சுருக்கென்றது.

மூட்டைப்பூச்சிக்கு மூன்றாவது முறையாக, அதுவும் வேறொரு ஆளைத் தேடிப் பிடித்து, மருந்தடித்த நாள் அது. மருந்து நெடிக்குப் பயந்து, ஆறு மாதக் குழந்தையோடு பகல் முழுக்கப் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். நாத்தனார்தான் லீவு போட்டு அந்த ஆளோடு கூடவே இருந்தாள். அந்த உபகாரத்துக்குப் பதில் கட்டில் வேண்டும் போலிருக்கிறது.

முன்பு இரண்டு முறையும் மருந்தடித்த கையோடு அறையைப் பதினைந்து நாள் பூட்டியே வைத்தார்கள். மெத்தையை வெயிலில் காயவைத்து, கட்டில் சந்துகளில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, அண்ணி படாத பாடு பட்டாள். திறந்து படுத்த மறுநாளே குழந்தையின் தொடையெல்லாம் வரிசையாகத் தடிப்பு. பிள்ளை வீறிட்டு அழ, இவளும் சேர்ந்து அழுதாள். இந்தத் தடவையும் பூச்சி போகாவிட்டால் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக, வெளியூரில் வேலை பார்க்கும் கணவனிடம் சொல்லியும்விட்டாள்.

இப்போது மறுபடி போன் போட்டாள்.

"பச்சைக் குழந்தை தரையில கிடக்குது. உங்க தங்கச்சிக்குக் கட்டில் கேக்குது."

அவ அப்படித்தான், விடு என்றான் அவன், வழக்கம்போல.

பதினைந்து நாளும் மகாராணி கட்டிலில்தான் படுத்தாள். அண்ணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

பதினாறாம் நாள், நாத்தனார் ஆபீஸ் போன பிறகு, மருந்தடித்தவர் சோதனை போட வந்தார். டார்ச் அடித்துக் கட்டில் பலகையைத் தூக்கினார். அடியில் கருகிய கடுகைக் கொட்டியதுபோல் செத்த பூச்சிகள். உயிரோடு ஒன்றுகூட இல்லை.

இது என்ன புது மருந்து என்று அண்ணி கேட்டாள்.

"எல்லாரும் அடிக்கிற மருந்துதாம்மா. நீங்க ரூமைப் பூட்டினதுதான் தப்பு. இது மாசக்கணக்கா பட்டினியா சந்துக்குள்ளயே கிடக்கும். மனுஷ மூச்சு பட்டாத்தான் வெளிய வரும். வந்து மருந்து மேல நடந்தாத்தான் சாகும். அதனால யாராவது ஒருத்தர் கடி வாங்கிக்கிட்டு தினமும் இதுல படுக்கணும்னு உங்க நாத்தனார்கிட்ட சொன்னேன். நான் படுக்கிறேன்னாங்க. என் சர்வீஸ்ல யாரும் மூணு நாள் தாண்டினதில்ல."

பதினைந்து ராத்திரி. ஒரு முனகல்கூட வெளியே கேட்கவில்லையே. இப்படியும் ஒரு பெண் இருப்பாளா?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் மெதுவாக.

"நானும் சொல்லிடலாம்னுதாம்மா சொன்னேன். 'ஐயோ, அண்ணிக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னை விடமாட்டாங்க, அவங்களே போய்ப் படுத்துக்குவாங்க'ன்னு சொல்லிட்டாங்க."