கரையில் நிற்கிற வேலை

ஓட்டல் வாசலிலேயே காவல்காரன் சொல்லிவிட்டான். கங்காதரனுக்குப் பேசியிருந்த வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். பட்டணத்துப் பையன், பெயர் ராஜாராம், முதலாளிக்கு வேண்டியவர்களின் சிபாரிசு.

போன மாதம் மானேஜர் ஜானகிராமன் தானே குப்பத்துக்கு வந்து, நீதான் ஆள் என்று கைகொடுத்துவிட்டுப் போன வேலை அது. இவனும் சரியென்று தலையாட்டியிருந்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி, வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவதற்கென்று புதிதாக எழும்பிய ஓட்டல். குளிக்கிறவர்களை அலை இழுத்தால் பாய்ந்து போய்க் கொண்டுவர வேண்டும். மற்ற நேரமெல்லாம் கரையில் நின்றால் போதும், மாதம் பிறந்தால் சம்பளம்.

அதை நம்பித்தான், செங்கல்பட்டுக்கு மீன் கொண்டுபோகிற தன் சைக்கிள் லைனை மைத்துனன் மாரிக்கு விட்டுக்கொடுத்திருந்தான். வாடிக்கை வீடுகளைக் காட்டி, எந்த வீட்டு அம்மா எந்த மீனுக்கு மயங்குவாள் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று. கொடுத்த லைனைத் திரும்பக் கேட்கிற வழக்கம் குப்பத்தில் கிடையாது. கேட்டவனிடம் அப்புறம் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் கங்காதரனைவிட மாரிக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. தங்கை வச்சலா வாயும் வயிறுமாக இருக்கிறாள். அவள் புருஷன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக லைனைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வராது.

இதை இன்றைக்கே இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று, மச்சானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மானேஜரைத் தேடிக் கடற்கரைப் பக்கம் நடந்தான் மாரி.

கரையில் ராஜாராம் நின்றுகொண்டிருந்தான். முருங்கைக்காய் மாதிரி ஒரு பையன். அரைக்கால் சட்டை, கூலிங் கிளாஸ். குளத்தில் முங்கிப் பழகிய இந்த மூஞ்சியைக் கடல் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் என்று, அவன் காதில் விழும்படியாகவே மாரி சொன்னான். கங்காதரன் அலையோரமாக நடந்து முழங்கால் தண்ணீரில் போய் நின்றான்.

அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து ஒரு அலறல் கேட்டது.

அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரரின் தலை தெரிந்தது. யானைக்குட்டி உடம்பு. ஒரு கை மேலே வந்தது, முழுகியது, மறுபடியும் வந்தது.

கங்காதரன்தான் கிட்டத்தில் இருந்தான். அந்த ஆள் இவனைப் பார்த்துத்தான் கையை நீட்டினார்.

கங்காதரன் நகரவில்லை.

பின்னாலிருந்து யாரோ அவனைத் தாண்டி ஓடினார்கள். ராஜாராம்தான்.

ஐப்பசிக் கடல், சுவர் மாதிரி எழுந்து வந்தது. பையன் அதை எதிர்த்து மோதவில்லை. தாழ்ந்த வாசலில் தலை குனிந்து நுழைகிறவனைப் போல அலைக்கு அடியில் புகுந்தான், அந்தப் பக்கம் எழுந்தான். அடுத்த அலைக்கும் அப்படியே. கடல் அவனுக்கு வழிவிட்டதாகவே கங்காதரனுக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பயந்த ஆள், கிட்டே வந்தவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருமே உள்ளே போனார்கள். கங்காதரன் மூச்சு விடவில்லை. வெளியே வந்தபோது வெள்ளைக்காரர் மல்லாந்து கிடந்தார், தாடைக்குக் கீழே ராஜாராமின் ஒரு கை இருந்தது. ஒற்றைக் கையால் தண்ணீரைத் தள்ளி, அவசரமே இல்லாமல், அந்த மலையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான் அந்தக் குச்சி.

மணலில் கிடந்தவர் தண்ணீரைக் கக்கி, இருமி, கண் திறந்தார். பையன் பக்கத்தில் குந்திக்கொண்டு மூச்சு வாங்கினான். கூலிங் கிளாஸ் போன இடம் தெரியவில்லை.

கங்காதரன் கிட்டே போய் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டான். இப்படி ஒன்றைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

மாரிக்கு அந்தக் கும்பிடு நையாண்டியாகப் பட்டது. வேலை இல்லை என்று விரட்டியவன் வீட்டு விருந்தாளிக்காக நாம் ஏன் நனைய வேண்டும், நகராமல் நின்றாயே, நீதான் ஆம்பிளை என்று கங்காதரனின் காதோரம் மெச்சினான்.

மானேஜர் ஜானகிராமன் ஓடிவந்தார். கங்காதரனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. தப்பு நடந்துவிட்டது, இந்தக் கடலுக்கு ஒரு ஆள் போதாது, திங்கட்கிழமையிலிருந்து நீயும் வந்துவிடு, பேசின சம்பளமே தருகிறேன் என்றார்.

மாரியின் முகம் மலர்ந்தது.

கங்காதரன் அவரையும் கும்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

சவுக்குத்தோப்பு வரைக்கும் மாரி திட்டிக்கொண்டே வந்தான். ரோஷம் சோறு போடாது, வச்சலாவுக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டான். கடைசியில் முன்னால் போய் வழியை மறித்தான்.

"இன்னா மச்சான், பைத்தியம் புட்ச்சிகிச்சா உனுக்கு? தேடி வந்து குடுக்கறான், ஏன் வாணான்ற?"

கங்காதரன் மணலைப் பார்த்தான். போன மாதம் குப்பத்துக்கு வந்தபோது மானேஜர் அவனிடம் எத்தனையோ கேட்டிருந்தார். எத்தனாவது படித்தாய், இங்கிலீஷில் நாலு வார்த்தை வருமா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம். குப்பத்தில் பிறந்த ஆம்பிளையிடம் கேட்கக் கூசுகிற ஒன்றை மட்டும் அவரும் கேட்கவில்லை, இத்தனை வருஷத்தில் வேறு யாரும் கேட்டதில்லை.

"எனுக்கு நீச்சலு தெரியாது மச்சான்."

மாரி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தான். கங்காதரனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான்.