ஒரே ஒரு மார்க்

தராசில் எண் நானூற்று எண்பத்தாறில் வந்து நின்றது. பரமசிவம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். சரிகை நிறுக்கிற தராசு அது, பக்கத்தில் யாராவது தும்மினால்கூட எண் ஆடிவிடும்.

"ரெண்டு மார்க்கு, மேல ரெண்டு கிராம்" என்றார்.

பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் அவர். சரிகைக் கணக்கில் ஒரு மார்க் என்றால் இருநூற்று நாற்பத்திரண்டு கிராம். முப்பது வருஷப் பழக்கம், கத்தரிக்காயைக்கூட மார்க்கில் கேட்டுக் கடைக்காரரிடம் முறைப்பு வாங்குகிற ஆள்.

ஆனால் அன்று காலை தட்டில் இருந்தது சரிகை இல்லை. மகள் தேவிப்ரியாவின் முதலுதவிப் பை.

வெள்ள மீட்புத் தன்னார்வலர் குழுவில் ஒரே ஓர் இடம் காலி. அதற்கு ஸ்ரீபெரும்புதூரில் தேர்வு. முதுகில் மாட்டுகிற அவசரப் பையில் முதலுதவிச் சாமான் மட்டும் அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. போன வருஷம் நாற்பது கிராம் கூடிப்போய், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அதனால் இந்தத் தடவை அப்பாவும் மகளும் உட்கார்ந்து கிராம் கிராமாகக் குறைத்தார்கள். பெரிய கத்தரிக்கோல் போய்ச் சின்னது வந்தது. புண் மருந்து, கண் சொட்டு மருந்தின் காலி பாட்டிலுக்கு மாறியது. பிளாஸ்திரியை அதன் தடி உருளையிலிருந்து பிரித்து, நூல் சுற்றுகிற தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தார் பரமசிவம். பஞ்சு, கட்டுத் துணி, கையுறை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு அடங்கிவிட்டன.

"கையில மரச் சிலாம்பு ஏறிச்சின்னா எதால எடுப்ப?"

"லிஸ்டுல அதெல்லாம் இல்லப்பா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவள் தலை வாரப் போன நேரத்தில், தறியில் பிசிறு எடுக்கிற தன் சின்ன இடுக்கியைப் பைக்குள் செருகினார். பன்னிரண்டு கிராம். ஆக நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. கணக்கில் புலியாச்சே மனுஷர்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஃபோன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல், மைக் சத்தம்.

"அப்பா… ஒரே ஒரு மார்க்குப்பா… என்னால நம்பவே முடியல… சார்ஜ் இல்ல, அஞ்சரை பஸ்ல வந்துர்றேன்…"

குரல் உடைந்திருந்தது. அவ்வளவுதான், ஃபோன் அணைந்துவிட்டது.

பரமசிவம் தறிக்குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு மார்க்கு கூடிப்போச்சாம் இந்திராணி. நான் வெச்சது பன்னெண்டு கிராம்தானே. எப்படிக் கூடும்?"

அவர் மனைவி இந்திராணி அடுப்படியிலிருந்து மெதுவாக வந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"கனமாவுதுன்னு டிபன் பாக்ஸே வேணாம்னுட்டா. வெறும் வயித்துல மயக்கம் வந்தா? மிளகு போட்ட கோயில் இட்லி ஒரு துண்டு, தைல பாட்டில், கொஞ்சம் விபூதி, அவ்ளோதாங்க வெச்சேன்."

"முதலுதவிப் பையிலயா இட்லி வெச்ச?"

"பசிக்கும் அதானே முதலுதவி."

பரமசிவம் எழுந்து தராசை இழுத்தார். அதே அளவுக்கு இன்னொரு துண்டு இட்லி, அதே மாதிரி பாட்டில், விபூதி மூன்றையும் தராசில் வைத்தார். இருநூற்று நாற்பத்து நான்கு. காலையில் இருந்ததோடு சேர்த்தால் எழுநூற்று நாற்பத்திரண்டு. அரைக் கிலோவைக் கழித்தார்.

"இருநூத்தி நாப்பத்திரண்டு. கச்சிதமா ஒரு மார்க்கு" என்றார்.

இந்திராணி அழுதேவிட்டாள். "நல்லது பண்றேன்னு எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே."

ஐந்தரை பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். தேவிப்ரியா கசங்கிய முகமும் மண் அப்பிய பேன்ட்டுமாக இறங்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பரமசிவம் முந்திக்கொண்டார்.

"எங்களை மன்னிச்சிடும்மா. உங்கம்மா இட்லி வெச்சிட்டா, நானும் திருட்டுத்தனமா இடுக்கி வெச்சிட்டேன். எல்லாம் எங்களால வந்த வினை."

"தெரியும்பா. பஸ் ஏறினதுமே மிளகு வாசனை வந்துது." கைப்பையிலிருந்து தைலத்தையும் விபூதியையும் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "இட்லிய மட்டும் சாப்ட்டேன்."

இந்திராணிக்குப் பாதி உயிர் வந்தது. பரமசிவத்துக்குத்தான் கணக்கு இடித்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா? அப்புறம் எதாலம்மா அந்த ஒரு மார்க்கு?"

"உன் இடுக்கியாலதான்பா. அத மட்டும் எடுக்கல."

அவர் முகம் சுண்டிப்போனது. "அது பன்னெண்டு கிராம்தானேம்மா…"

தேவிப்ரியா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"டெஸ்ட்டுல சிலாம்பு எடுக்கச் சொன்னாங்கப்பா, இடுக்கி என் ஒருத்திகிட்டதான் இருந்துது. அந்த ஒரு மார்க்குல நான்தான் ஃபர்ஸ்ட்டு."