நீளக் கூரை

கட்டின பொண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்க, கொல்லையில் உட்கார்ந்து காரை அறுத்துக்கொண்டிருக்கிற மனுஷனை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது?

தங்கச்சிக்காரிக்கு நாக்கு நுனியில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தையாகவே இருந்தது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. சத்தம் வந்த திசையில், நேராகக் கொட்டகைக்கே போய்விட்டாள்.

அங்கே அக்கா புருஷன் பனியனோடு, தீப்பொறி பறக்க, கிரைண்டரும் கையுமாக.

"மாமா!"

காதில் விழவில்லை. சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அடடே, வாம்மா. எப்ப வந்தே?"

"நான் வந்தது இருக்கட்டும். நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

இரண்டே கதவு, முதுகு வழுவழுவென்று சரிந்திறங்கும் பழைய கார் அது. பஸ் ஓட்டிச் சேர்த்த காசில் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. இப்போது பின்பாதிக் கூரையைக் காணோம். தோலுரித்த ஆடு மாதிரி நின்றது.

"கூரையைக் கடைசி வரைக்கும் நீளமா இழுத்து, பின்னாடி ஒரு கதவு வச்சிட்டா, உள்ள வேன் மாதிரி இடம் வரும்மா. ஷூட்டிங் பிரேக்னு அதுக்குப் பேரு."

"என்ன ஷூட்டிங்கோ, என்ன பிரேக்கோ! முதல்ல இந்தச் சத்தத்துக்கு ஒரு பிரேக் போடுங்க. உள்ள ஒரு உசிரு ஊசலாடிக்கிட்டு இருக்கு."

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கும்மா."

"நல்லாத்தானே இருந்துச்சு? இப்பப் பார்த்தா பிணம் ஏத்துற வண்டி மாதிரி இருக்கு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் போய் பிளக்கை மாட்டினார்.

அறைக்குள் அக்கா கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"நாளைக்கே வேன் வச்சு உன்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நோவு விட்டாலும் இந்தச் சத்தம் உன்னை விடாது போலிருக்கு."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

"கத்தாதேடி. அறுக்கச் சொன்னதே நான்தான்."

"நீயா?"

"என்னால உட்கார முடியல. படுத்துக்கிட்டே நம்ம கார்ல போய் ஒரு தடவை கடலைப் பார்க்கணும்னு சொன்னேன். மறுநாளே ஆரம்பிச்சிட்டாரு. உள்ள பாயைப் போட்டு, தானே படுத்துப் பார்த்து, என் கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி ஜன்னலுக்குக் கோடு போட்டிருக்காராம்."

"ஆனா, பெரிய டாக்டர் என்கிட்ட போன்ல..."

"அசைக்கவே கூடாதுன்னு சொன்னாரா? தெரியும். இதைக் கேட்கும்போதே எனக்குத் தெரியும். உன் மாமாவுக்குத்தான் தெரியாது. நீ உளறித் தொலைச்சிடாதே."

"தெரிஞ்சே எதுக்குக்கா கேட்டே?"

"அதுக்கு முன்னாடி இந்த நாற்காலியில உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. குளியல் கிடையாது, சாப்பாடு கிடையாது. எனக்கு முந்திக்கிட்டுப் போயிடுவாரோன்னு பயந்துட்டேன். இப்ப வேர்த்து விறுவிறுத்து வந்து தட்டைக் காலி பண்றாரு. சத்தம் கேட்கிற வரைக்கும் ஆள் நல்லா இருக்காருன்னு நிம்மதியா கண்ணை மூடுவேன்."

வேன் பேச்சு அத்தோடு நின்றது.

தங்கச்சி அங்கேயே தங்கிவிட்டாள். அறுக்கிற சத்தம் போய் வெல்டிங் சத்தம் வந்தது. அது போய் சுத்தியல் சத்தம். நடுவில் பெயிண்ட் வாசனை வீடு முழுக்க அடித்து, அதுவும் அடங்கியது. கொட்டகை வாசலில் தார்ப்பாய் தொங்கியது. "தூசும்மா, உள்ள வராதே" என்று சொல்லி வைத்திருந்தார்.

அக்கா நாளுக்கு நாள் தேய்ந்தாள். ஆனாலும் காலையில் கண் விழித்ததும், "எதுவரைக்கும் வந்திருக்காம்?" என்று கேட்பாள். மருந்தைக் கண்டாலே குமட்டும். "வண்டி முடியட்டும்" என்று கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்குவாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. சோறு ஆறிப்போனது. தங்கச்சி கூப்பிட்டுப் பார்த்தாள், டொக், டொக் என்று சுத்தியல்தான் பதில் சொன்னது. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கார் முழுசாக நின்றது. நீளக் கூரை, தாழ்வான ஜன்னல், பின்கதவு, உள்ளே மெத்தை, தலையணை. ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடியில் மட்டும் விரலால் எழுதுகிற அளவுக்குத் தூசு.

மாமா மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதற்கும் ஆகாத ஒரு பழைய தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். தகரம் நைந்து போயிருந்தது.

"மாமா... வண்டி முடிஞ்சிடுச்சா?"

"மெதுவாப் பேசும்மா. அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் எதுக்கு இது?"

அவர் தலை நிமிரவில்லை.

"அவளை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் முதல்லயே என்கிட்ட சொல்லிட்டாரு. பாவம், அவளுக்குத் தெரியாது. வண்டி முடியட்டும், வண்டி முடியட்டும்னுதானே மருந்தை முழுங்குறா? முடிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் எதுக்கும்மா காத்துக்கிட்டு இருப்பா?"

பேச்சில் கை நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல், நூல் மாதிரி வந்தது.

"ஏன்டி... என்னாச்சு? சத்தத்தையே காணோம்?"

தங்கச்சி அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அடுப்படிப் பக்கமா போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க மாமா. அதுவரைக்கும் நான் தட்டுறேன்."