கீழிருந்து மேலே

மாத்திரைப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு மாமியார் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். மகளின் கைப்பையில் கிடந்ததாம்.

அவள் போய்ப் பதினாறு நாளாகிறது.

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துவிட்டது, கருத்தடை மாத்திரையால் அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். மாமியார் இன்றுதான் கேட்டார்.

“இந்த மருந்துக் காகிதமெல்லாம் படிக்கிறவர்தானே மாப்பிள்ளை நீங்க. இதைப் பத்தி ஒரு வார்த்தை போடலையா அதுல?”

போடவில்லை என்று அவன் சொன்னால் போதும். கம்பெனிக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவன் அச்சகத்தில் பிழை திருத்த மெய்ப்புப் பார்ப்பவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கக் காகிதங்கள்தான் அங்கே பிழைப்பு. மெய்ப்புப் பார்ப்பவர்கள் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லில் முடிப்பார்கள். பொருள் புரிந்துவிட்டால் கண் ஏமாந்துபோகும், எழுத்துப்பிழை தப்பிவிடும். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் உனக்கு அச்சகத்தின் பேர்தான் முதலில் தெரியும் என்று மனைவி கிண்டல் செய்வாள்.

இந்தக் காகிதமும் அவன் பார்த்ததுதான். நான்கு முறை. எந்த வரியில் காற்புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

பிரித்தான். மாமியாருக்குக் கேட்கும்படி, முதல்முறையாக மேலிருந்து படித்தான்.

ஒரு காலில் மட்டும் வலியோ வீக்கமோ இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்கவும். தனிக் கட்டத்துக்குள், கொட்டை எழுத்தில்.

இடது கால் வலிக்கிறது என்று மூன்று நாள் சொன்னாள். மூன்று நாளும் தைலம் தேய்த்துவிட்டான்.

மாமியார் மகளைத் திட்டத் தொடங்கினார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பரீட்சைக் கேள்வித்தாளைக்கூட முழுசாகப் படிக்க மாட்டாள், அத்தனை அலட்சியம், இதில் யாரை நொந்து என்ன. திட்டிக்கொண்டே அழுதார்.

தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

அவன் காகிதத்தை மேசைமேல் வைத்தான்.

“அவ படிக்கத்தான் பிரிச்சா, அத்தை. நான் ஏற்கெனவே படிச்சதுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு அவ கையிலேர்ந்து வாங்கி மடிச்சு வெச்சது நான்.”